சளி மாதிரிக்கு இரவு பகல் கிடையாது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மருத்துவப் பணிகள் கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் நுண்ணுயிரியல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நிமோனியா முற்றி ஐசியூவில் சேர்கிற நோயாளிகளுக்காக ஒன்று கேட்டு இதை எழுதுகிறேன். அவர்கள் நுரையீரலில் இருப்பது எந்த பாக்டீரியா, அது எந்த மருந்துக்கு அடங்காது என்பதை ஓரிரு மணி நேரத்தில் சொல்லிவிடும் பிசிஆர் பரிசோதனை வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதை நம் அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவாருங்கள். கருவியை வாங்குங்கள் என்று மட்டும் கேட்பதாக இருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். ஆனால் கருவி வாங்குவது இதில் சின்ன வேலை. அதைச் சுற்றிச் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் கருவியை மட்டும் கொண்டுபோய் இறக்கினால் பணம் போகும், நோயாளிக்கு ஒன்றும் மாறாது. அதனால்தான் மடல் நீள்கிறது.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் கோப்பில் வராத விவரங்களோடு சொல்கிறேன். மூச்சுத் திணறலோடு ஒருவர் வருகிறார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக அடைத்துக் கிடக்கிறது. ஆக்சிஜன் போதாமல் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கிறார்கள். அந்தக் குழாய் வழியாக உறிஞ்சியெடுத்த சளி ஒரு சின்ன டப்பாவில் ஆய்வகத்துக்கு வருகிறது. ஸ்லைடில் தேய்த்து கிராம் சாயம் போட்டுப் பார்க்கிறோம். சீழ் அணுக்கள் நிறைய, நடுவே சிவப்பு நிறத்தில் குச்சி குச்சியாகக் கிருமிகள். அரை மணி நேரத்தில் இவ்வளவு தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குச்சி கிளெப்சியெல்லாவா, சூடோமோனாஸா, அசினெட்டோபாக்டரா என்று ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக பிளட் அகார், சாக்லேட் அகார், மெக்காங்கி என்ற, கிருமி வளர்க்கும் தட்டுகளில் இழைத்து இன்குபேட்டரில் வைக்கிறோம். மறுநாள் காலையில் காலனி தெரியும். அதை எடுத்து இனம் காண வேண்டும், எந்த மருந்து கேட்கும் என்று சென்சிட்டிவிட்டி போட வேண்டும், அது இன்னொரு இரவு இன்குபேட்டரில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் வந்த சளிக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தால் புதன்கிழமை ரிப்போர்ட். சனிக்கிழமை மதியம் வந்த சளிக்கு ஞாயிறு டூட்டியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அதுவரைக்கும் வார்டில் டாக்டர் சும்மா இருக்க முடியாது. இந்த அளவு முற்றிய நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்கியாக வேண்டும். எந்தக் கிருமி என்று தெரியாதபோது எதையும் விட்டுவிடாத மாதிரி மருந்து போடுகிறார்கள்: மெரோபெனம், கூட வான்கோமைசின் அல்லது டீகோபிளானின், பல இடங்களில் கொலிஸ்டினும் சேர்கிறது. இதற்காக டூட்டி டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில், அந்த இரவில் யார் இருந்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். பிரச்சினை மூன்றாம் நாள்தான் வருகிறது. நோயாளி கொஞ்சம் தேறியிருந்தால், எதை நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாமே தொடரும். தேறவில்லை என்றால் இன்னொன்று கூடும். தட்டில் வளர்த்துப் பார்த்த அந்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்து பார்த்தால், பல நேரம் 'வளர்ச்சி இல்லை' என்று இருக்கும். இங்கே வருவதற்கு முன்பே வெளியில் ஊசி போட்டிருப்பார்கள். தட்டில் வளர வேண்டிய கிருமி அதிலேயே முடங்கியிருக்கும்.

வெளிநாட்டு வசதி இருந்தால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தி 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களில் 62 சதவீதம் பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியவில்லை. வைரஸ்களுக்கு பிசிஆரும் வைத்துப் பார்த்த ஆய்வு அது.

நம் ஊரில் இந்த இருட்டு இன்னும் ஆபத்தானது. மெரோபெனம் மாதிரியான கார்பாபெனம் மருந்துகளைத் தின்றுவிடும் என்டிஎம் என்ற நொதியைப் பற்றி 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்து உலகமே பேசிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அதில் ஆராயப்பட்ட கிருமிகளில் ஒரு பகுதி சென்னை நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. 2012-ல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு வழி வகுத்த அறிக்கைக்குப் பெயரே 'சென்னைப் பிரகடனம்'. அதற்குப் பிறகும் நிலைமை இறங்கித்தான் வந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கண்காணிப்பு வலைப்பின்னலின் கணக்குப்படி, மெரோபெனத்தின் வகையையே சேர்ந்த இமிபெனத்துக்குக் கட்டுப்பட்ட கிளெப்சியெல்லா 2016-ல் 65 சதவீதம். 2021-ல் 43 சதவீதம். மெரோபெனம் போட்டிருக்கிறோம், எல்லாவற்றையும் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் அந்த மூன்று நாளில், பாதிக்கு மேற்பட்ட கிளெப்சியெல்லா நோயாளிகளுக்கு உண்மையில் மருந்தே போகவில்லை என்று இதற்கு அர்த்தம். மறுபக்கம், தேவையில்லாமல் கொலிஸ்டினும் வான்கோமைசினும் போனவர்களுக்குச் சிறுநீரகம் அடி வாங்குகிறது. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டே மருந்தை நிறுத்தத் துணிவில்லாமல் நிற்கும் இளம் டாக்டர்களை எத்தனையோ முறை ஆய்வக வாசலில் பார்த்திருக்கிறேன். "மேடம், ஏதாவது வளர்ந்திருக்கிறதா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பரிசோதனை பதில் சொல்கிறது. அதிகம் பேசப்படுவது பயோஃபயர் நிறுவனத்தின் நிமோனியா பேனல். 2018 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சளியை நேரடியாக ஒரு பையில் ஏற்றிக் கருவியில் சொருகினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே முடிவு வருகிறது: 18 வகை பாக்டீரியா, 8 வகை வைரஸ், மருந்துக்கு அடங்காமல் செய்யும் 7 வகை எதிர்ப்பு மரபணுக்கள். வழக்கமான 15 பாக்டீரியாவுக்கு, உத்தேசமாக எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்கிறது. மற்ற மூன்றும் மைக்கோபிளாஸ்மா, லெஜியோனெல்லா, கிளமிடோபிலா. இவை நம் வழக்கமான தட்டுகளில் வளரவே வளராதவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, பென்சிலின் வகை மருந்தை எவ்வளவு ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இப்படிப்பட்ட பேனல் இது ஒன்றுதான் என்றில்லை, வேறு நிறுவனங்களுடையதும் இருக்கிறது. குறிப்பிட்ட ஒன்றை வாங்கச் சொல்வது என் நோக்கமல்ல.

முடிவு வந்தால் என்ன மாறும்? வான்கோமைசின் எந்தக் கிருமிக்காகப் போடப்பட்டதோ அந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை என்று வந்தால் வான்கோமைசினை அன்றைக்கே நிறுத்தலாம். கிளெப்சியெல்லாவும் அதோடு என்டிஎம் மரபணுவும் இருக்கிறது என்று வந்தால் மெரோபெனத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விலை கூடிய செஃப்டசிடைம்-அவிபாக்டம் இருக்கிறதே, அது கார்பாபெனத்தைத் தின்னும் இன்னொரு நொதியான ஆக்ஸா-48-ஐ அடக்கும், என்டிஎம்மை அடக்காது. என்டிஎம் இருந்தால் அதோடு அஸ்ட்ரியோனம் என்ற மருந்தும் சேர்த்தாக வேண்டும். இந்தியாவில் இந்த இரண்டு மரபணுக்களும்தான் அதிகம், பல நேரம் ஒரே கிருமியில் இரண்டும் இருக்கும். மேலை நாடுகளில் அதிகம் பேசப்படும் இதே மாதிரியான கேபிசி மரபணு இங்கே குறைவு. எனவே எந்த மரபணு என்று தெரியாமல் அந்த மருந்தைத் தொடங்குவது நம் ஊரில் வெறும் சூதாட்டம். ஒரு நாள் மருந்துச் செலவு பல ஆயிரம் ரூபாய் என்கிறபோது, பரிசோதனையின் விலையை இதோடு சேர்த்து வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சரி, இதனால் நோயாளி பிழைக்கிறாரா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 208 நோயாளிகளை வைத்து நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், பொருத்தமில்லாத ஆன்டிபயாடிக் போன நேரம் சராசரியாக 86 மணியிலிருந்து 47 மணியாகக் குறைந்தது. அடுத்தது பிரிட்டனில் 14 ஐசியூக்களில் 500-க்கு மேற்பட்ட நோயாளிகளோடு நடந்து 2025-ல் வெளியான இன்ஹேல் ஆய்வு. மருத்துவமனையில் வந்த நிமோனியாவுக்கும் வென்டிலேட்டரால் வந்த நிமோனியாவுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டு மருந்தை முடிவு செய்தார்கள். 24 மணி நேரத்தில் சரியான, அளவான மருந்தில் இருந்தவர்கள் பரிசோதனைக் குழுவில் 76 சதவீதத்துக்கும் மேல், வழக்கமான குழுவில் 56 சதவீதம். ஆனால் குணமாவதில் வழக்கமான முறைக்கு இது குறைந்ததல்ல என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. விற்பனைப் பிரதிநிதிகள் முதல் பாதியை மட்டும் உங்களிடம் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகும் நான் இதைக் கேட்கிறேன்.

காரணம் இதுதான். பிரிட்டனில் ஐசியூ டாக்டர் முதல் நாள் போடும் மருந்து பெரும்பாலும் கிருமிக்குக் கேட்கிற மருந்தாகவே இருக்கும். அங்கே இந்தப் பரிசோதனை செய்வது, கூடுதலாகப் போகும் மருந்தைக் குறைப்பது. நம் ஊரில் முதல் நாள் மருந்தே கேட்காமல் போகும் வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவது வேறு விதமான லாபம். இதற்கு நம் மருத்துவமனைகளிலேயே முறையான ஆய்வு நடந்து சான்று வர வேண்டும் என்பதையும் கோரிக்கையோடு சேர்த்துக்கொள்கிறேன். காசநோய் இறப்பைக் குறைக்க 2022-ல் நாம் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இப்படித்தானே நடந்தது? நோய் கண்டுபிடித்த அன்றே யார் ஆபத்தான நிலையில் இருக்கிறார்கள் என்று தரம் பிரித்து, கணக்கு எழுதி, ஊர் ஊராகப் பார்த்துச் சரிசெய்தோம். அந்தப் பழக்கம் நம் துறைக்கு இருக்கிறது.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பிசிஆர் கண்டுபிடிப்பது டிஎன்ஏவை. செத்துப்போன கிருமியின் டிஎன்ஏவும் அதில் தெரியும். பத்து நாள் வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சுக்குழாயில் அசினெட்டோபாக்டர் குடியிருக்கும்; நிமோனியாவே இல்லாவிட்டாலும் பரிசோதனை 'இருக்கிறது' என்றுதான் சொல்லும். அதைப் பார்த்து மருந்து தொடங்கினால், ஆன்டிபயாடிக்கைக் குறைக்க வாங்கிய கருவியே அதைக் கூட்டிவிடும். மூன்று கிருமிகளும் ஒரு எதிர்ப்பு மரபணுவும் வந்தால் அந்த மரபணு எந்தக் கிருமியுடையது என்று அது சொல்லாது. மரபணு எதுவும் இல்லை என்று வந்தாலும் மருந்து கேட்கும் என்று உறுதி கிடையாது. சூடோமோனாஸ் மருந்தை வெளியே தள்ளியோ, உள்ளே விடாமலோ தப்பித்துக்கொள்ளும். அதனால் கல்ச்சர் கட்டாயம் தொடர வேண்டும். பிசிஆர் வந்துவிட்டது, இனி தட்டு எதற்கு என்று எந்த அதிகாரியாவது தட்டில் ஊற்றும் மீடியா (கிருமி வளரத் தேவையான ஊட்டப்பொருள்) வாங்கும் பட்டியலில் கை வைத்தால், கருவி வராமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

இன்னொன்று, இந்தப் பேனல்கள் நம் மண்ணை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. நம் ஐசியூக்களில் அதிகம் தொல்லை தரும் அசினெட்டோபாக்டர் பெரும்பாலும் ஆக்ஸா-23 என்ற மரபணுவால்தான் மெரோபெனத்தை எதிர்க்கிறது. மேலே சொன்ன பேனலின் பட்டியலில் ஆக்ஸா-23 இல்லை. அசினெட்டோபாக்டர் இருக்கிறது, மரபணு இல்லை என்று ரிப்போர்ட் வரும். தெரியாத டாக்டர் மெரோபெனம் கேட்கும் என்று நம்பிவிடுவார். ஆக்ஸா-23-ஐயும் பார்க்கும் பேனல்கள் சந்தையில் உண்டு. டெண்டர் விவரக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதே போல மெலியோய்டோசிஸ். சேற்றிலும் வயல் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லி என்ற பாக்டீரியாவால் வருவது. சர்க்கரை நோய் இருக்கும் விவசாயி, மழைக்காலம், ஆறாத காய்ச்சல், நுரையீரலில் சீழ். பார்ப்பதற்குக் காசநோய் மாதிரியே இருக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனை பல வருடங்களாக இதைக் கண்டுபிடித்து எழுதி வருகிறது. ஆனால் பல ஆய்வகங்களில் இதை 'ஏதோ ஒரு சூடோமோனாஸ்' என்று எழுதி அனுப்பிவிடுவது உண்டு. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல், ஆனால் கோ-அமாக்சிக்லாவுக்குக் கட்டுப்படுகிற ஒரு கிராம் நெகட்டிவ் (கிராம் சாயத்தில் சிவப்பாகத் தெரியும்) குச்சி தட்டில் வந்தால் உடனே இதைச் சந்தேகப்பட வேண்டும் என்று மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு செஃப்டசிடைம் அல்லது மெரோபெனத்தை ஊசியாகக் குறைந்தது பத்து, பதினான்கு நாள் கொடுத்து, பிறகு மூன்று மாதத்துக்கு மாத்திரை தர வேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஆளே போய்விடுவார். இதையும் மேலே சொன்ன பேனல் பார்க்காது. காசநோயையும் பார்க்காது. நுரையீரலைப் பிடித்து மூச்சை நிறுத்தும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலையும் பார்க்காது. பேனலில் ஒன்றும் இல்லை என்று வந்தால் 'வைரஸாக இருக்கும்' என்று கோப்பை மூடிவிடக் கூடாது. ஐசியூ நிமோனியா ஒவ்வொன்றின் சளியும் காசநோயைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கருவிகளான ட்ரூநாட்டுக்கோ சிபிநாட்டுக்கோ போயே ஆக வேண்டும். மெலியோய்டோசிஸுக்குத் தனி பிசிஆரை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரியான ஓரிடத்தில் வைத்து, மாவட்டங்களிலிருந்து மாதிரி வரும்படி செய்யலாம்.

பணத்துக்கு வருகிறேன். தனியாரில் இந்தப் பேனலுக்கு நோயாளி கொடுப்பது பெரும்பாலும் ஐந்து இலக்கத் தொகை. அந்த விலையில் அரசு வாங்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் பலமே இதுதானே? எல்லா மருத்துவமனைகளின் தேவையையும் ஒன்றாகத் திரட்டிப் பேசி மருந்து விலையை இறக்கிக் காட்டியதைப் பார்த்துத்தான் மற்ற மாநிலங்கள் இதே மாதிரி கழகங்களை ஆரம்பித்தன. சிபிநாட் கருவியில் போடும் காசநோய்க்கான எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ் வளரும் நாடுகளுக்கு முதலில் கிட்டத்தட்ட 17 டாலர். 2012-ல் 10 டாலருக்கும், உலகம் முழுக்க எழுந்த அழுத்தத்துக்குப் பிறகு 2023-ல் 8 டாலருக்கும் இறங்கியது. மொத்தமாக வாங்குபவர் கேட்டால் விலை இறங்கும். கருவியை இலவசமாக வைத்துவிட்டு கிட்டுக்கு மட்டும் காசு வாங்கும் ஒப்பந்தத்துக்கு நிறுவனங்கள் முன்வருவார்கள். அது நல்ல வழிதான். ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒரு நிபந்தனை அதில் ஒளிந்திருக்கும். அதை நிரப்புவதற்காகத் தேவையில்லாத நோயாளிக்கெல்லாம் பரிசோதனை செய்யும் நிலை வந்துவிடக் கூடாது.

கையில் இருப்பதையும் மறக்க வேண்டாம். கோவிட் காலத்தில் ஆன்டிஜன் அட்டையை நம்பாமல் ஆர்டிபிசிஆரையே பிடித்துக்கொண்ட மாநிலம் நம்முடையது. அதற்காக வாங்கிய கருவிகளும், பழகிய டெக்னீஷியன்களும் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். சளியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பல கிருமிகளைச் சேர்த்துப் பார்க்கும் கிட்களை அந்தக் கருவிகளிலேயே ஓட்டலாம். ஒரு மணி நேரத்தில் வராது, பாதி நாள் ஆகும். ஆனாலும் மூன்று நாளோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம், விலையும் குறைவு. இன்னும் எளிதான ஒன்று இருக்கிறது. காசநோய்க்கு வைத்திருக்கும் சிபிநாட் கருவியிலேயே கார்பா-ஆர் என்ற கார்ட்ரிட்ஜ் ஓடும். என்டிஎம், ஆக்ஸா-48 உட்பட ஐந்து மரபணுக்களை ஒரு மணி நேரத்துக்குள் சொல்லும். அது சளிக்கு நேரடியாகச் சரிபார்க்கப்பட்டதல்ல. ஆனால் மறுநாள் காலை தட்டில் தெரியும் காலனியை அதில் போட்டால் சென்சிட்டிவிட்டிக்குக் காத்திருக்கும் ஒரு முழு நாள் மிச்சம். புதிய கருவியே வேண்டாம். காசநோய்த் திட்டத்தின் கருவியை இதற்கும் பயன்படுத்தலாம் என்று எழுத்துப்பூர்வமான அனுமதியும், கார்ட்ரிட்ஜுக்கு ஒரு தலைப்பில் நிதியும் போதும். அடுத்த மாதமே தொடங்கக்கூடிய வேலை இது.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். கருவி ஒரு மணி நேரத்தில் முடிவு தந்தாலும், அந்த முடிவு மருந்துச் சீட்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. நம் இடங்களில் மாதிரி எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஐசியூவில் சளி எடுக்கிறார்கள். பிசிஆர் செய்யும் மூலக்கூறு ஆய்வகம் நாலு மணிக்கே பூட்டியாயிற்று. டப்பா குளிர்பெட்டியில் காத்திருக்கிறது. காலையில் ஒர்க்கர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பதிவேட்டில் ஏறி, கருவியில் ஏறி, மதியம் முடிவு வருகிறது. கையெழுத்துக்கு வைக்கிறார்கள். சாயங்காலம் மற்ற ரிப்போர்ட்களோடு கட்டாக வார்டுக்குப் போகிறது. டூட்டி மாறிவிட்டது, யாரோ அதை கேஸ் ஷீட்டில் சொருகிவைக்கிறார்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் பேராசிரியர் புரட்டும்போதுதான் அது கண்ணில் படுகிறது. ஒரு மணி நேரப் பரிசோதனை, முப்பத்தாறு மணி நேரம். இந்த வேகத்தில் கல்ச்சரே பக்கத்தில் வந்துவிடும்.

எனவே கருவி ஐசியூவுக்குப் பக்கத்திலோ, இரவிலும் திறந்திருக்கும் அவசர ஆய்வகத்திலோ இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் சேர்த்து மூன்று ஷிஃப்டுக்கும் டெக்னீஷியன் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும். இருக்கிறவரிடமே கூடுதல் பொறுப்பாகத் தள்ளினால் ஆறு மாதத்தில் நின்றுவிடும். முடிவு வந்ததும் நுண்ணுயிரியல் பிஜி மாணவர் ஐசியூ டூட்டி டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, அது என்ன அர்த்தம், எதை நிறுத்தலாம், எதைத் தொடங்கலாம் என்று பேச வேண்டும். யார் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த முடிவுக்கு என்ன மருந்து என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கிருமிகளின் கணக்கைப் பார்த்து ஒரு பக்கத்தில் எழுதி ஐசியூ சுவரில் ஒட்ட வேண்டும். இரவில் தனியாக இருக்கும் இளம் டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய துணை. வான்கோமைசினை நிறுத்தியதற்கு நாளைக்கு யாரும் தன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு வேண்டும், அதை நிர்வாகம்தான் தர முடியும்.

யாருக்குச் செய்ய வேண்டும் என்பதிலும் கண்டிப்பு வேண்டும். வென்டிலேட்டரிலோ அதிக ஆக்சிஜனிலோ இருக்கும் முற்றிய நிமோனியா, மருத்துவமனையில் சேர்ந்த பிறகு புதிதாக வந்த நிமோனியா, மருந்து போட்டு இரண்டு மூன்று நாள் கழித்தும் தேறாதவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். இவ்வளவுதான். மாதிரியும் நுரையீரலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஸ்லைடில் எச்சில் அணுக்கள் நிறைய இருந்தால் அந்த டப்பாவைத் திருப்பி அனுப்ப ஆய்வகத்துக்கு அதிகாரம் கொடுங்கள்; எச்சிலை விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜில் போட்டு யாருக்கும் பயனில்லை. குழந்தையின் மூக்குச் சளியில் நிமோனியா தரும் நிமோகாக்கஸ் பாக்டீரியா இருக்கிறது என்று வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, நல்ல ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கிலும் அது இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்தக் கருவி வேண்டவே வேண்டாம். அங்கே வேண்டியது மூச்சை எண்ணிப் பார்க்கும் செவிலியரும், பல்ஸ் ஆக்சிமீட்டரும், அமாக்சிசிலினும், 2021-லிருந்து நம் அட்டவணையில் இருக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி ஒரு குழந்தைக்கும் விட்டுப்போகாமல் பார்ப்பதும்தான்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் திறப்பு விழா நடத்துவதைவிட, நாலைந்து இடங்களில் தொடங்குவது நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி, கோவை, திருநெல்வேலி, நுரையீரல் நோய்க்கென்றே இருக்கும் தாம்பரம் சானடோரியம். ஒரு வருடம் ஓடட்டும். சளி எடுத்த நேரம், முடிவு வந்த நேரம், மருந்து மாறிய நேரம் என்று மூன்றையும் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதுங்கள். எத்தனை பேருக்கு மருந்து உண்மையில் மாறியது, எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்பதைப் பெயரில்லாமல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஏதாவது ஒரு மருத்துவமனையில் முடிவு வந்தும் மருந்து மாறவில்லை என்றால், ஏன் என்று அங்கே போய்க் கேளுங்கள். கருவியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஐசியூ நிமோனியாவுக்கான தொகுப்பில் இந்தப் பரிசோதனையைச் சேர்ப்பதை அந்த ஒரு வருடக் கணக்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம், அவசரமில்லை.

அவசரமானது டெண்டர் விவரக்குறிப்பு. அதை எழுதும் மேசையில் கொள்முதல் அதிகாரிகளோடு ஒரு நுண்ணுயிரியலாளர், ஒரு ஐசியூ மருத்துவர், இரவு ஷிஃப்ட் பார்த்த ஒரு டெக்னீஷியன் ஆகியோரும் இருக்க வேண்டும். ஆக்ஸா-23 விட்டுப்போகாமல் அவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், கிட்டின் காலாவதி எத்தனை மாதம் மிச்சமிருக்க வேண்டும், மின்சாரம் போனால் பாதியில் நின்ற கார்ட்ரிட்ஜுக்கு யார் பணம் கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். என்னையும் அழைத்தால் வருகிறேன். பயணப்படி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை